கிள்ளானில் இறங்குங்கள்

தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு வரும் சுற்றுலாக் குழுக்களின் திட்டம் எனக்கு மனப்பாடம். பத்துமலை முருகன், இரட்டைக் கோபுரம், கெந்திங் மலை, நேரமிருந்தால் புத்ராஜெயா, கடைசி நாள் மாலை பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, அங்கிருந்து நேரே விமான நிலையம். எந்தத் திட்டத்திலும் கிள்ளான் கிடையாது. கோலாலம்பூர்க்காரர்களைக் கேட்டாலும், "கிள்ளானா? அங்கே என்ன இருக்கு?" என்பார்கள். சீன நண்பர்கள் மட்டும் பாக் குட் தே குடிக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போவார்கள். அந்தப் பன்றியெலும்பு மூலிகைச் சாறு 2024-இல் தேசிய மரபுணவுப் பட்டியலில் ஏறிவிட்டது. அதன் சொந்த ஊர் கிள்ளான்தான் என்பதில் கிள்ளான்காரர்களுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

கெந்திங்கை விட்டுவிட்டு அந்த ஒரு நாளைக் கிள்ளானுக்குக் கொடுங்கள் என்பது என் கட்சி. காரணத்தை நடந்துகொண்டே சொல்கிறேன்.

புறப்படுவது பிரிக்பீல்ட்ஸிலிருந்துதான். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் நிற்கும் இடம் முழுக்க ஒரு காலத்தில் ரயில்வே யார்டு. அதற்கும் முன்னால், 1880களில், இங்கே செங்கல் சூளைகள் எரிந்தன. தீயிலும் வெள்ளத்திலும் மரவீடுகள் போன பிறகு கோலாலம்பூரைச் செங்கல்லால் கட்டச் சொல்லி உத்தரவு போட்டார் ஆங்கிலேய ரெசிடென்ட் சுவெட்டன்ஹாம். அந்தக் கல் வெந்த இடம் இது. பிறகு ரயில்வே வந்தது. கணக்கெழுத யாழ்ப்பாணத்துக் கிராணிமார் வந்தார்கள். 1904-இல் விவேகானந்தர் ஆசிரமம் வந்தது. 2010 அக்டோபரில் அன்றைய பிரதமர்கள் மன்மோகன் சிங்கும் நஜீப்பும் சேர்ந்து இதை 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்தார்கள். அன்றிலிருந்து வளைவுகளும் வண்ணத் தூண்களும் நிற்கின்றன. குறை சொல்ல ஒன்றும் இல்லை. நல்ல தோசை கிடைக்கும், கஸ்தூரி மஞ்சளும் கிடைக்கும். ஆனாலும் தன்னை யாரோ படமெடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட தெரு அது. கொஞ்சம் விறைப்பாகத்தான் நிற்கிறது.

கொம்யூட்டர் ரயிலில் துறைமுகம் போகும் வண்டியைப் பார்த்து ஏற வேண்டும். பெட்டலிங், சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலாம், படாங் ஜாவா, புக்கிட் பாடாக் என்று நின்று நின்றுதான் போகும். குளிர் எலும்பில் இறங்கும். ஒரு துண்டு எடுத்துப் போங்கள். சன்னலுக்கு வெளியே அழகான காட்சி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். கிடங்கு, அடுக்குமாடி, நெடுஞ்சாலை, மறுபடியும் கிடங்கு. இவற்றில் பல இடங்கள் முன்பு தோட்டங்கள். என் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் பத்து தீகா தாண்டியதும் விரலை நீட்டி, "அந்தப் பக்கம் பூரா ரப்பர் தம்பி. எங்க ஆயா அங்கதான் பால்மரம் வெட்டுச்சு" என்றார். நீட்டிய திசையில் ஒரு கார் விற்பனைக் கூடம் இருந்தது.

இந்தப் பாதை 1886-இல் போடப்பட்டது, ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக. முதலில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் புக்கிட் கூடா வரைதான் வண்டி வந்தது. ஆற்றின் மேல் பாலம் கட்டிக் கிள்ளானுக்குள் நுழைந்தது 1890-இல். ஈயத்துக்குப் பின் காப்பி, காப்பிக்குப் பின் ரப்பர். ரப்பர் இந்த ஊர் மரமே இல்லை. பிரேசில் காட்டிலிருந்து 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்தன. அந்தத் தென் அமெரிக்க மரம் இந்த மண்ணில் வேர் பிடிக்காமல் போயிருந்தால் பத்து தீகாவில் அந்தப் பெரியவரின் ஆயாவுக்கு வேலை ஏது?

தென் அமெரிக்கா என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. யாரும் போகாத நாடாகத் தேடிப் பிடித்துப் போய்வருவது இப்போது மோஸ்தர். அந்த வரிசையில் அடிக்கடி அடிபடும் பெயர் கயானா. பிரேசிலுக்கு வடக்கே இருக்கிறது; அந்தக் கண்டத்தில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே நாடு; கையட்டூர் அருவி 226 மீட்டர் ஒரே பாய்ச்சலாக விழுகிறது. போகத் தகுந்த நாடுதான், சந்தேகமில்லை. ஆனால் தமிழருக்கு அங்கே வேறொரு காரணமும் உண்டு. 1838-இல் கல்கத்தாவிலிருந்து விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் கரும்புத் தோட்டக் கூலிகளை அங்கே இறக்கின. 1917 வரை போனவர்கள் ஏறக்குறைய 2,39,000 பேர். பெரும்பாலோர் வடக்கத்தியர், மெட்ராஸில் கப்பலேறியவர்கள் சிறு பங்கு. அந்தச் சிறு பங்கின் வாரிசுகள் இன்றும் மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் தப்படித்துப் படையல் போடுகிறார்கள். மேற்கிந்தியத் தீவு அணிக்குப் பந்து வீசிய வீராசாமி பெருமாள் அந்த ஊர்க்காரர். 2015 முதல் 2020 வரை அங்கே பிரதமராக இருந்தவர் மோசஸ் வீராசாமி நாகமுத்து. பெயர் இருக்கிறது, சாமி இருக்கிறது, தப்பு இருக்கிறது. பேச்சு போய்விட்டது. பூசைப் பாட்டில் சில வரி மிஞ்சியிருக்கிறது. அந்த மொழியில் கத்திரிக்காய் வாங்க முடியாது.

அதே மெட்ராஸ் கரையில் கிழக்கு நோக்கிக் கப்பலேறியவர்கள் வந்து சேர்ந்த ஊர்களில் ஒன்று கிள்ளான். இங்கே கத்திரிக்காய் வாங்கலாம். பேரம் பேசலாம். சண்டை போடலாம், சமாதானமும் ஆகலாம், எல்லாம் தமிழிலேயே. நான் சொல்ல வந்த காரணம் இதுதான்.

கிள்ளான் நிலையம் சின்னது, பழையது. வெளியே வந்ததும் இரண்டு மாடிக் கடைவீடுகள், ஐந்தடி நடைபாதை, காப்பிக்கடை. சில நிமிட நடையில் வெள்ளைவெளேரென்று ஒரு கட்டடம் வரும். 1909-இல் ஹப்பக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கட்டியது. கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையத்தை வரைந்தவரும் அவரே. ஆங்கிலேயர் அலுவலகமாக இருந்து, ஜப்பானியர் கைக்குப் போய், இப்போது சுல்தான் அப்துல் அஜீஸ் அரச காட்சியகம் ஆகியிருக்கிறது. கிள்ளான் சிலாங்கூர் சுல்தானின் அரச நகரம், அரண்மனை இங்கேதான். 2024 பிப்ரவரியில் மாநகர் தகுதியும் வந்தது. அரச பரம்பரைக் கதையில் ஆர்வமிருந்தால் உள்ளே ஒரு மணி நேரம் போகும். எனக்கு அரை மணி போதுமாக இருந்தது.

அடுத்து ஆற்றுப் பக்கம் போய்க் கோத்தா பாலத்தைப் பாருங்கள். இரண்டடுக்குப் பாலம்: மேல் தளத்தில் முன்பு வண்டிகள் ஓடின, கீழ்த்தளம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும். கீழே நின்றால் ஆற்றின் பழுப்புத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் ஓடுவதுபோல் இருக்கும். கிள்ளான் வடக்கு, கிள்ளான் தெற்கு என்று ஊர் இரண்டாகக் கிடக்கிறது. எந்தக் கரை பாக் குட் தே ஒசத்தி என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

இனி ஜாலான் தெங்கு கெலானா.

நடைபாதையில் கால் வைத்ததுமே மல்லிகையும் சாம்பிராணியும் எண்ணெயில் வேகும் வடையும் கலந்த வாசம். புடவைக் கடை, நகைக் கடை, பாத்திரக் கடை, பூசைச் சாமான் கடை, மறுபடியும் புடவைக் கடை. வாசலில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு, "வாங்கக்கா வாங்க, உள்ள வந்து பாருங்க, பார்க்கக் காசில்ல" என்று ஒரு பையன் கூவிக்கொண்டிருந்தான். இந்த ஒரே சாலையில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, இந்திய முஸ்லிம்களின் மசூதி இருக்கிறது, 1928-இல் எழும்பிய லூர்து மாதா கோயில் இருக்கிறது. மாதா கோயிலில் தமிழ்ப் பூசை உண்டு. மூன்றுக்கும் சேர்த்து மாலை கட்டுபவர்கள் நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்படி ஓர் அக்காவின் கடைமுன் நின்றேன். நைலான் கயிற்றில் சாமந்தியை வரிசையாகக் கோத்து, நாலு விரல் இடைவெளிக்கு ஒரு ஊதா ஆர்க்கிட் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார். கண் கையில் இல்லை. எதிர்ச்சாரியில் யாரோ தவறாக நிறுத்திவிட்டுப் போன காரின் மேல் இருந்தது. கல்யாண மாலையில் ஆர்க்கிட் வைப்பதை ஊரில் நான் பார்த்ததில்லை என்றேன்.

"இங்க விளையறத இங்க வைக்கிறோம். சாமந்தி கேமரன்மலை. மல்லி மட்டும் ஊர்லேருந்து பிளேன்ல வருது, அதான் வெல. கிலோ கேட்டா மயக்கம் போட்டுருவீங்க" என்றார். "எத்தன மொழம்?"

ஒரு முழம் வாங்கினேன். அளந்தது அவருடைய முழங்கை. கொஞ்சம் குட்டையான முழங்கைதான். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சாலையை விட்டு ஒரு சந்தில் திரும்பினால் இரும்புச் சாமான் கடை. வாசலில் நீள அலுமினியக் குழாய்களும், பிறை போல் வளைந்த அரிவாள்களும் தொங்கின. செம்பனைக் குலை அறுக்க, குழாய் முனையில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து இழுக்க வேண்டும். கேரித் தீவு பக்கத்திலிருந்து இன்றும் வாங்க வருகிறார்களாம். பால்வெட்டுக் கத்தி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். "மரம் எங்க இருக்கு, கத்தி விக்க?" 1960களிலிருந்து ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள்; பிறகு செம்பனையையும் வெட்டி வீடு கட்டினார்கள். லயத்தில் இருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்து டவுனுக்கு வந்தார்கள். பலருக்கு அந்தப் பக்கத்து டவுன் கிள்ளான்தான். இந்தச் சாலையில் வியாபாரம் இவ்வளவு சூடாக இருப்பதற்கும், நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளி இதே ஊரில் சிம்பாங் லீமாவில் இருப்பதற்கும் அந்தக் குடிபெயர்வு ஒரு முக்கியக் காரணம்.

சாப்பாட்டு நேரம். வாழையிலைக் கடையில் உட்கார்ந்ததும் வாளியோடு வந்த பையன், "அண்ணே, சாதா சோறா, புழுங்கலா? மீன் கறியா, கோழிக் கறியா? ரசம் தனியா வெக்கவா?" என்று கடகடவென்று கேட்டான். உச்சரிப்பில் சின்ன நெளிவு. எந்த ஊர் தம்பி என்றேன். வங்காளதேசம், சில்ஹெட் பக்கம். ஆறு வருஷமாக இங்கே வேலை. மலாய் இன்னும் தடுமாறுகிறதாம். "சமையக்காரர் தமிழு, மொதலாளி தமிழு, சாப்பிட வர்றவங்க தமிழு. மலாய் யாருகிட்ட அண்ணே பேசறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு அப்பளம் வைக்கப் போனான்.

மீன் குழம்பு புளிப்பும் காரமுமாக நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் அதைக் கவனித்துச் சாப்பிடவில்லை. ஒரு மொழிக்குச் சங்கம் வைக்கலாம், மாநாடு கூட்டலாம், வாழ்த்துப் பாடலாம். வேற்று நாட்டிலிருந்து கூலிக்கு வந்த இருபது வயதுப் பையன், வயிற்றுப்பாட்டுக்கு அந்த மொழி தேவை என்று தானாகக் கற்றுக்கொள்கிறான் பாருங்கள், அதற்கு ஈடான சான்றிதழ் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கயானாவில் கரைந்தது கிள்ளானில் ஏன் கரையவில்லை? தொகை ஒரு காரணம்: அங்கே தமிழர் சிறுபான்மைக்குள் சிறுபான்மை, இங்கே தோட்டம் முழுக்கத் தமிழர். தூரம் இன்னொன்று: மெட்ராஸுக்கும் நாகப்பட்டினத்துக்கும் ரஜூலா கப்பல் போய்வந்துகொண்டே இருந்தது, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி தன் கிராமத்துக்கே போய்ச் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்தார். பள்ளிக்கூடம் மூன்றாவது. தோட்டத்தில் பிள்ளைகள் தொகை சேர்ந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. பெயருக்கு வைத்தார்களோ மனசார வைத்தார்களோ, வகுப்பு தமிழில் நடந்தது.

செரிமானத்துக்கு நடக்கும்போது இன்னொரு கதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் போன வழியில் எந்தப் பலகையும் அதைச் சொல்லவில்லை. 1941 மார்ச்சில் தொடங்கிக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களைத் திரட்டியவர்களில் முக்கியமானவர் ஆர்.எச். நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்தவர். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்பது முதல் கோரிக்கை. கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி கொடு என்பவையும் இருந்தன. எனக்கு மறக்காத கோரிக்கை வேறு: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி. கூலி உயர்வு கேட்பதை முதலாளி புரிந்துகொள்வான். சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மே மாதம் நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். கலவரம் மூண்டது, இந்தியப் படையை இறக்கினார்கள், சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் செத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்துவிட்டதால் எல்லாம் அதில் மூழ்கிப்போயிற்று. நேசன் பத்திரிகையும் 2019-இல் நின்றுவிட்டது. தெங்கு கெலானாவில் ஒரு பையன் சைக்கிளில் கைவிட்டு ஓட்டிக்கொண்டு போனபோது இதைத்தான் நினைத்தேன்.

பெருமாள் கோயில் கொஞ்சம் தள்ளி, துறைமுகம் போகும் சாலையில். வெயிலில் நடக்க வேண்டாம், கிராப் வாடகைக் கார் கூப்பிடுங்கள். சுந்தரராஜப் பெருமாளுக்கு 1892-இல் தொடங்கிய கோயில். தென்கிழக்காசியாவின் திருப்பதி என்று இங்குள்ளவர்கள் சொல்லிக்கொள்வார்கள். மிகைதான், ஆனாலும் புரட்டாசிச் சனிக்கிழமை வந்தால் வாய்மூடி ஒத்துக்கொள்வீர்கள். நான் போனது சாதாரணப் பகல். பிரகாரத்தில் குளிர்ச்சியாகக் காற்று. இரண்டு பாட்டிமார் தூணில் சாய்ந்து யாரோ ஒரு மருமகளைப் பற்றி விரிவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டாச்சாரியார் துளசியும் தீர்த்தமும் கொடுத்துவிட்டு, ஊர் எது என்று கேட்டு, விமானக் கட்டணம் விசாரித்தார்.

பொழுதிருந்தால் மறுபடியும் கொம்யூட்டரில் ஏறிக் கடைசி நிலையம் வரை போங்கள். துறைமுகம். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறந்த சில வாரங்களில் மலேரியா எல்லாரையும் சாய்த்துவிட்டது. மால்கம் வாட்சன் என்ற கிள்ளான் டாக்டர் சதுப்பை வெட்டி வடித்து, வாய்க்கால் தோண்டிக் கொசுவை ஒழித்தார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் கண்டுபிடித்து அப்போது நாலே வருஷம். அதை ஓர் ஊர் அளவில் செய்துகாட்டிய ஆரம்ப இடங்களில் ஒன்று இது. வாய்க்காலை வெட்டிய கைகள் யாருடையவை என்று சொல்லத் தேவையில்லை. 1972-இல் பெயர் கிள்ளான் துறைமுகம் என்று மாறியது. 2023-இல் இங்கே கையாண்ட சரக்குப் பெட்டிகள், இருபதடிப் பெட்டிக் கணக்கில், 1 கோடியே 40 லட்சம்.

பிரமாண்டத்தைப் பார்க்க உள்ளே விடமாட்டார்கள். படகுத்துறையில் நின்றால் தூரத்தில் பாரந்தூக்கிகள் மட்டும் தெரியும். அங்கிருந்து பூலாவ் கெத்தாமுக்குப் படகு போகிறது: தண்ணீருக்குள் கால் ஊன்றிய சீன மீனவர் வீடுகள், கார் இல்லாத தெருக்கள், சைக்கிள், நண்டு. அதற்கு இன்னொரு அரை நாள் வேண்டும். எனக்கு அன்று நேரமில்லை. படகுச் சீட்டு விற்ற சீனத்து அம்மாள், நான் பர்ஸை உள்ளே வைத்ததைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வா தம்பி, காலையிலயே வா" என்றார். ஆமாம், தமிழில்தான்.

எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு: திங்கட்கிழமை அரச காட்சியகம் மூடியிருக்கும், அதைத் தவிர்க்கலாம். காரில் போகாதீர்கள், தெங்கு கெலானாவில் நிறுத்த இடம் தேடியே பகல் போய்விடும். தீபாவளிக்கு முந்தின வாரம் சாலை முழுக்கக் கொட்டகை போட்டு விடியவிடிய வியாபாரம் நடக்கும். முறுக்கும் மத்தாப்பும் சல்வாரும் ஒரே மேசையில் விற்கும். தோளோடு தோள் இடிபட்டுத்தான் நகர முடியும். நெரிசல் ஆகாதவர்கள் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். ஆகும் என்பவர்கள் அந்த வாரமே போங்கள், பணத்தை மட்டும் முன்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.